பதக்கம் வராத ஆண்டுகள்

அன்பு மருமகனுக்கு,

உன் செய்தி கிடைத்தது. கவுண்டியின் மைனர் (இளையோர்) அணிக்கான குழுவில் உன் பெயர் இல்லை, இனிமேல் ஆடப்போவதில்லை, மட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவும் தொலைபேசியில் பேசினாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவலைப்பட்டாள்.

உனக்கு மட்டும் எழுத வேண்டிய பதிலைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. ஏதோ ஒரு ஆட்டத்தில், ஏதோ ஒரு ஊரில், பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்த பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

கார்க் நகரில் வளர்ந்த உனக்கு கிறிஸ்டி ரிங் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் பெயரில் உள்ள மைதானத்திலேயே நீ ஆடியிருக்கிறாய். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹர்லிங் அயர்லாந்தின் மிகப் பழைய ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டை; கைக்குள் அடங்கும் கெட்டியான தோல் பந்து. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே ஓடலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் பார்க்கும் இறுதி ஆட்டத்தில் ஞாயிறு ஆடியவர், விடுப்பு முடிந்ததும் வகுப்பில் பாடம் நடத்துவார், அல்லது மாடு கறப்பார். 1884-இல் இந்த ஆட்டத்தை நடத்தும் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

ரிங்கின் கதையை எல்லோரும் ஒரே விதமாகத்தான் சொல்கிறார்கள். 1920-இல் கிழக்குக் கார்க்கின் க்ளாய்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1938-இல் மைனர் பட்டம். 1941 முதல் 1944 வரை கார்க் தொடர்ந்து நான்கு முறை அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. அதற்கு முன் எந்தக் கவுண்டியும் அதைச் செய்ததில்லை. 1946-இல் அவரே தலைவர். கில்கென்னிக்கு எதிராக மைதானத்தின் நடுவிலிருந்து பந்தை மட்டையில் ஏந்தி ஓடி அடித்த கோல். பிறகு 1952, 1953, 1954. மொத்தம் எட்டுப் பதக்கங்கள், அவற்றில் மூன்று தலைவராக நின்று வாங்கியவை. க்ளாய்னில் சிலை.

இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் இப்படியே கேட்டு வளர்ந்த பையனுக்கு, ஒரு பட்டியலில் பெயர் விடுபட்டால் கதையே முடிந்துவிட்டதாகத்தான் தோன்றும். நீ அந்த ஆண்டுகளை வரிசையாக எழுதி, இடையில் உள்ள வெற்றிடங்களைப் பார். 1946-க்கும் 1952-க்கும் நடுவே என்ன நடந்தது? 1947 இறுதி ஆட்டத்தில் கில்கென்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 1949, 1950, 1951 மூன்று ஆண்டும் பட்டம் டிப்பரரிக்குப் போனது. பக்கத்துக் கவுண்டி, அதே மன்ஸ்டர் மாகாணம். அவர்களைத் தாண்டாமல் இறுதி ஆட்டம் நடக்கும் டப்ளினுக்கே போக முடியாது. இருபத்தாறு வயதில் ஐந்து பதக்கம் வைத்திருந்தவர், தம் உடல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளை ஒன்றும் கிடைக்காமல் கழித்தார்.

1954-க்குப் பிறகு இன்னும் நீண்ட இடைவெளி. ரிங் 1963 வரை கார்க் அணியில் இருந்தார். ஒன்பதாவது பதக்கம் வரவேயில்லை. என் கணிப்பில் அவருடைய ஆட்டவாழ்வின் உண்மையான பெருமை இந்தப் பிற்பகுதியில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் இங்குள்ள என் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

1956-ஐ எடுத்துக்கொள். வயது முப்பத்தைந்து. தர்லெஸில் லிமரிக்குடன் மன்ஸ்டர் இறுதி. ஆட்டத்தின் பெரும்பகுதியில் ரிங்கைப் பந்தே தொடவிடாமல் நிறுத்திவைத்திருந்தார் எதிரணிக் காவலர். கார்க் பின்தங்கியிருந்தது. ரிங்கின் காலம் முடிந்துவிட்டது என்று அரங்கில் சிலர் பேசத் தொடங்கியிருப்பார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் எல்லா அரங்கிலும் இருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில், சில நிமிடங்களுக்குள், மூன்று கோல் அடித்தார். கார்க் 5-5, லிமரிக் 3-5 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்றும் நடக்காத அந்த நேரம் முழுவதும் அவர் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தார். தலையைத் தொங்கப்போடவில்லை. பந்து வரக்கூடிய இடத்துக்கு ஒவ்வொரு முறையும் போய் நின்றார். அப்படி நின்றவருக்குத்தான் கடைசியில் பந்து வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் டப்ளினின் க்ரோக் பார்க்கில் வெக்ஸ்போர்டுடன் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். கார்க்கில் போலியோ பரவியதால் தள்ளிப்போய், 23-ஆம் தேதி நடந்தது. முடிய ஒருசில நிமிடங்களே இருக்கும்போது பந்து ரிங்கின் கைக்கு வந்தது. கோல் விழுந்தால் கார்க் முன்னே போய்விடும், ஒன்பதாவது பதக்கம் கைக்கு எட்டும். அடித்தார். வெக்ஸ்போர்டின் கோல்காவலர் ஆர்ட் ஃபோலி, உயரம் குறைந்த மனிதர், தடுத்துவிட்டார். தடுத்த பந்து மறுமுனைக்குப் பறந்தது. அங்கே நிக்கி ராக்கார்ட் வலைக்குள் அடித்தார். வெக்ஸ்போர்ட் 2-14, கார்க் 2-8.

விசில் ஊதியதும் வெக்ஸ்போர்டின் நிக் ஓ'டானலும் பாபி ராக்கார்டும் தங்கள் வெற்றியைக் கொண்டாடுவதற்கு முன் தோற்ற ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்கள். அவர் ஆட்டத்தை அந்த ஒரு மணி நேரம் அவர்களைவிட அருகில் யாரும் பார்க்கவில்லை. அந்த மரியாதையை எந்தத் தேர்வுக் குழுவும் தர முடியாது; பறிக்கவும் முடியாது.

அடுத்த ஆண்டு டிப்பரரியுடன் ஆடும்போது மணிக்கட்டு உடைந்து வெளியேறினார். கட்டுப்போட்ட கையோடு கோல் கம்பத்தருகே நடந்துபோகும் அவரையும், அங்கே நடுவர் குழுவின் வெள்ளை அங்கியில் நின்ற லிமரிக்கின் பழைய வீரர் மிக் மேக்கியையும் ஒரே சட்டத்தில் பிடித்த புகைப்படத்தை நீ எத்தனையோ கடைச்சுவர்களில் பார்த்திருப்பாய். இருவரும் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். உடைந்த கையோடு அந்த முகம் எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை நின்று பார்.

அதோடு போய்விடவில்லை அவர். 1959 மார்ச்சில், மாகாணங்கள் மோதும் ரயில்வே கோப்பை இறுதியில், கன்னாட்டுக்கு எதிராகத் தனி ஆளாக நான்கு கோலும் ஐந்து புள்ளியும். அந்த ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரர் விருதும் அவருக்கே. அப்போது கார்க் மன்ஸ்டர் பட்டத்தைக்கூட வெல்லவில்லை. 1960, 1961 மன்ஸ்டர் இறுதிகளிலும் டிப்பரரியிடம் தோல்வி. பதினெட்டாவது ரயில்வே கோப்பைப் பதக்கத்தை 1963-இல் வாங்கும்போது வயது நாற்பத்திரண்டு.

எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு? அவர் பிழைப்புக்கு லாரி ஓட்டினார். பின்னாளில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய் டாங்கர். மட்டையும் பந்தும் வண்டியிலேயே இருக்கும், வழியில் நிறுத்திப் பயிற்சி செய்வார் என்று சொல்வார்கள். 1964-இல் லூயி மார்கஸ் எடுத்த ஆவணப்படத்தைத் தேடிப் பார். அதில் ரிங் தாமே ஒவ்வொரு அடியையும் செய்து காட்டுகிறார். வேகத்தைப் பார்த்து மயங்காதே. கால் எங்கே நிற்கிறது, எந்த நேரத்தில் மணிக்கட்டு திரும்புகிறது என்று பார். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து, தரையில் கிடக்கும் பந்தை வெட்டித் தூக்குகிறாரே, அந்த அடி உன்னிடம் இல்லை. இடப்பக்கம் பந்து வந்தால் உடம்பையே திருப்பிக்கொண்டு வலப்பக்கமாக அடிக்கிறாய். அந்த அரை நொடியில் காவலர் மட்டையை நீட்டிவிடுகிறார். போன கோடையில் உன் ஆட்டங்களைப் பார்த்தபோதே எனக்குப் பட்டது. தேர்வாளர்களுக்கும் பட்டிருக்கும்.

ஒன்றில் மட்டும் ரிங்கை அப்படியே பின்பற்றாதே. வலியைத் தாங்குவதை வீரமாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஆட்டத்தில் உண்டு. கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் 2010 அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். சில வாரங்களில் நடந்த இறுதி ஆட்டத்தில் இறங்கிப் பார்த்தார். முதல் பாதியிலேயே வெளியேற வேண்டியிருந்தது. பிறகு அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பொறுமை. அதற்கப்புறம் 2011, 2012, 2014 என்று மூன்று பட்டங்கள். ஆடி வென்ற பதக்கங்களில் பத்து என்ற எண்ணிக்கை அவருக்குக் கிடைத்தது அந்தப் பொறுமையால்தான். உன் தோள்பட்டை வலியைப் பயிற்சியாளரிடம் மறைக்கிறாய் என்று அம்மா சொன்னாள். இந்த வாரமே சொல்லிவிடு.

கிளப்பை விட்டுவிடாதே. இது உன் செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது. கவுண்டி அணி உன்னைத் தேர்ந்தெடுக்கலாம், விடலாம். கிளப் அப்படியல்ல, நீ குடியிருக்கும் தெருக்களின் அணி அது. ரிங் கார்க் நகருக்கு வந்ததும் வடகரையில் ப்ளாக்பூல் பகுதியின் க்ளென் ரோவர்ஸில் சேர்ந்தார், கடைசிவரை அங்கேயே இருந்தார். கவுண்டிக்கு எதுவும் கிடைக்காத அதே காலத்தில், 1958, 1959, 1960, 1962 என்று அந்தக் கிளப்போடு கார்க் பட்டங்களை வென்றார்; ஆட்டவாழ்வு முழுவதும் சேர்த்து மொத்தம் பதினான்கு. க்ரோக் பார்க்கில் தோற்ற மனிதருக்கு அடுத்த வாரம் ஆட ஓர் இடம் இருந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். நீ ஏழு வயதில் வழியறியாமல் நின்றபோது உனக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்ட மனிதர் இன்னும் சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு உதவியாகப் போய் நில். ஆறு வயதுக் குழந்தைக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது, நாம் தப்பாகப் பிடிப்பது நமக்கே தெரியவரும். ரிங்கும் 1976, 1977, 1978 ஆகிய மூன்று ஆண்டும் கார்க் தேர்வாளராக இருந்தார். மூன்று ஆண்டும் கார்க் வென்றது. அடுத்த ஆண்டே, 1979 மார்ச் 2-ஆம் தேதி, ஐம்பத்தெட்டு வயதில் கார்க் தெருவில் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு காலத்தில் அவரோடு ஆடிய ஜாக் லிஞ்ச் அப்போது நாட்டின் பிரதமர். கல்லறையருகே இரங்கலுரை சொன்னவர் அவர்தான்.

மைனர் வயது கடந்தால் இருபது வயதுக்குட்பட்டோர் அணி இருக்கிறது, அதற்கப்புறம் மூத்தோர் அணி இருக்கிறது. அதில் இடம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கிடைக்காமலும் போகலாம். அப்போதும் இதே கிளப்பில் முப்பத்தைந்து வயதுவரை ஆடுவாயா என்று யோசித்துச் சொல். ஆடுவேன் என்று உன் மனசு சொன்னால் நீ ஹர்லிங்காரன். இந்தப் பட்டியலைப் பற்றி நாம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மட்டைகளை யாருக்கும் கொடுக்காதே. ஆஷ் மரங்களை நோய் அரிக்கத் தொடங்கியபிறகு நல்ல மட்டை கிடைப்பதே அரிதாகிவிட்டது, விலையும் உனக்குத் தெரியும். பட்டை பிளந்திருப்பதை மட்டை செய்பவரிடம் கொண்டுபோய்க் கட்டி வாங்கிக்கொள். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அரை மணி முன்னதாகப் போய், கிளப்பின் பயிற்சிச் சுவரில் பந்தை இடப்பக்கமாக மட்டும் அடி. வலப்பக்கம் வேண்டவே வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நான் வரும்போது சுவருக்கு முன் நாம் இரண்டு பேரும் நிற்போம். அந்த இடப்பக்க அடியைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா