ஐந்து சென்டிமீட்டர் சிப்பாய்: வேலூர்ப் புரட்சியை வண்ணம் தீட்டிக் கற்போம்

பத்தாம் வகுப்பில் வேலூர்ப் புரட்சியைக் கற்பிக்கும்போது, ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் இப்படிக் கேட்பார்: “ஒரு தலைப்பாகைக்காகவா டீச்சர் இவ்வளவு பேர் செத்தாங்க?” காரணங்களைப் பாடநூல் வரிசையாகத் தருகிறது. மாணவர்கள் அவற்றை எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி தீர்வதில்லை. அதற்கு விடை தேட நான்கு பாடவேளைகளில் நாங்கள் செய்துபார்த்த செயல்பாடு இது.

சிறு போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமீது அணிவகுத்து ஆடுவது பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்கு. பிரஷ்யப் படை அதிகாரிகள் 1820களில் வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி பெற்றனர். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து நூலாக வெளியிட்டார். உண்மைப் போரைக் கண்டிப்பதும் அந்நூலின் நோக்கமாக இருந்தது. இன்று இதில் ஈடுபடுவோர், கடையில் வாங்கிய பொம்மையை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. தலையை மாற்றுவார்கள், ஆயுதத்தை வெட்டி ஒட்டுவார்கள், தங்களுக்கு வேண்டிய வீரனாக உருமாற்றுவார்கள். இந்த உருமாற்றும் வேலையைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவந்தேன்.

தேவையான பொருள்கள்

ஃபேன்சி ஸ்டோரில் பாக்கெட்டாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகள், எம்-சீல், ஃபெவிகால், அக்ரிலிக் வண்ணம், மெல்லிய தூரிகை, ஈர்க்குச்சி, பல்குத்தும் குச்சி. கத்தி ஆசிரியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். எம்-சீல் பிசையும்போது கைகளில் பிளாஸ்டிக் உறை அணிய வேண்டும்.

முதல் பாடவேளை: அளவு

நாற்பது மாணவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பொம்மை கொடுத்தேன். பொம்மையின் உயரம் 5 செ.மீ. மனிதரின் உயரம் 165 செ.மீ. என்று கொண்டால் விகிதம் 1:33. அக்காலச் சிப்பாய்களின் கையில் இருந்த ‘பிரவுன் பெஸ்’ வகைத் துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ 140 செ.மீ. அப்படியானால் பொம்மைக்கு எவ்வளவு? மாணவர்கள் வகுத்துப் பார்த்து 4.2 செ.மீ. என்றார்கள். ஈர்க்குச்சியை அந்த அளவுக்கு நறுக்கியதும், துப்பாக்கி கிட்டத்தட்ட பொம்மையின் உயரத்துக்கே வந்துவிட்டது. “இவ்வளவு நீளத்தைத் தூக்கிட்டா நடந்தாங்க!” என்று வியந்தனர். கணிதப் பாட விகிதம் இங்கே பொருளோடு புரிந்தது.

இரண்டாம் பாடவேளை: உருமாற்றம்

கடைப் பொம்மை இக்காலச் சிப்பாய். தலைக்கவசமும் சிறு துப்பாக்கியும் உள்ளவர். துப்பாக்கியை நான் வெட்டி எடுத்தேன். மாணவர்கள் ஈர்க்குச்சியை ஒட்டினார்கள். எம்-சீலின் இரு பகுதிகளையும் சம அளவில் பிசைந்து, மெல்லிய திரியாக உருட்டி, தலைக்கவசத்தின்மேல் சுற்றித் தலைப்பாகை ஆக்கினர். மீதியில் தாடி வைத்தனர். மணல் அளவு உருண்டை காதணி ஆயிற்று. இறுகுவதற்கு ஓர் இரவு விட்டோம்.

மூன்றாம் பாடவேளை: வண்ணம்

பொம்மையைச் சோப்பு நீரில் கழுவாவிட்டால் வண்ணம் ஒட்டாது. வளையும் பிளாஸ்டிக்கில் வண்ணம் உரியும் என்பதால், நீர்த்த ஃபெவிகாலை அடிப்பூச்சாகப் பூசிக் காயவைத்தோம். பிறகு சிவப்புச் சட்டை, மார்பின் குறுக்கே வெள்ளை வார்கள். எல்லாம் காய்ந்தபின் மிகவும் நீர்த்த கருப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால், அது மடிப்புகளில் தங்கி நிழல் போலத் தெரியும். தட்டையாக இருந்த பொம்மைக்கு அதில் உயிர் வந்துவிடும்.

கடைசியாக ஒவ்வொரு குழுவும் தன் சிப்பாய்க்குப் பெயரும் ஊரும் சூட்டியது. இந்துச் சிப்பாய்களுக்குப் பல்குத்தும் குச்சியின் முனையால் நெற்றியில் நாமமோ திருநீறோ இட்டார்கள். முஸ்லிம் சிப்பாய்களின் தாடிக்குக் கருப்பு தீட்டினார்கள். எந்தக் குழுவுக்கு எந்தச் சிப்பாய் என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்தேன். மாணவரின் சொந்த மதத்தையோ சாதியையோ ஒட்டிப் பொம்மை கொடுப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

நான்காம் பாடவேளை: ஆணை

பொம்மைகளை மேசைமீது அணிவகுத்து நிறுத்தினோம். நான் 1805 நவம்பர் ஆணையின் சாரத்தைப் படித்தேன். சீருடையில் இருக்கும்போது சாதி, சமய அடையாளங்கள் கூடாது. காதணி கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அத்துடன், ஐரோப்பியத் தொப்பியை ஒத்த, தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை.

“இப்போது உங்கள் சிப்பாயை ஆணைப்படி மாற்றுங்கள்” என்றேன்.

வகுப்பு அமைதியானது. இரண்டு குழுக்கள் தயங்கித் தயங்கி நெற்றிக்குறியின்மேல் தோல்நிறத்தைப் பூசின. தாடியைச் சுரண்ட வேண்டும் என்றதும் ஒரு மாணவி பொம்மையைக் கைக்குள் மூடிக்கொண்டு, “எங்க ஆளு இதுக்கு ஒத்துக்க மாட்டார், டீச்சர்” என்றாள்.

அப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன்: ‘1806 மே. வேலூரில் ஒரு படைப்பிரிவினர் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தனர். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் ஆகிய இருவருக்குத் தலா 900 கசையடி, பணிநீக்கம்.’

அதன்பின் விளக்க அதிகம் தேவைப்படவில்லை. மூன்று நாள் உழைத்து உருவாக்கிய முகத்தை, ஒரு தாளைப் படித்து அழிக்கச் சொன்னால் என்ன தோன்றும் என்பதை அவர்களே உணர்ந்தார்கள். ஒரு மாணவர் சொன்னார்: “நாம பிளாஸ்டிக்கை மாத்தினோம். அவங்க ஆளுங்களையே பொம்மை மாதிரி மாத்தப் பார்த்திருக்காங்க.” தலைப்பாகை முழுக் காரணமன்று, கடைசிக் காரணம் என்பதும் உரையாடலில் தெளிவாயிற்று.

மறுபக்கத்தையும் பேசினோம். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தபோது, கோட்டையில் இருந்த 69ஆம் படைப்பிரிவின் வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் அவர்களில் அடக்கம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டபின், சிப்பாய்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். மேசை ஆட்டங்களில் ஒரு பொம்மையை இருபது வீரராகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தால் எங்கள் மேசையில் நின்ற எட்டுப் பொம்மைகள் 160 பேர். அந்த எண்ணைச் சொன்ன பிறகு யாரும் பகடை கேட்கவில்லை. நானும் ஆட்டத்தைத் தொடங்கவில்லை.

மதிப்பீடு

‘உங்கள் சிப்பாய் ஆணை வந்த அன்று வீட்டுக்கு எழுதும் கடிதம்’ ஒன்றை எழுதச் சொன்னேன். காரணங்களை வரிசைப்படுத்தும் வினாவையும் கொடுத்தேன். கடிதம் எழுதியபின் அந்த வினாவுக்கு விடையளித்தவர்கள் காரணங்களை மனப்பாடமாக அடுக்கவில்லை. ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதினார்கள்.

பொம்மை கிடைக்காத பள்ளிகளில் களிமண் போதும். பயன்பாட்டுக்கு முன் ஒரு பொம்மையை ஆசிரியர் தாமே செய்துபார்ப்பது நல்லது. எம்-சீல் எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது, தூரிகை எந்த மடிப்பில் நுழைய மறுக்கிறது என்பது கையால் செய்தால்தான் தெரியும். ஆணையை மட்டும் கடைசிப் பாடவேளை வரை சொல்லாமல் வைத்திருங்கள்.