லென்ஸில் ஆவி, பாறையில் சிவப்பு

கேள்வி: டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உலுருவுக்கும் போகிறேன். இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்க என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் போவது டார்வினின் மழைக்காலத்தில். ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால், லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். கேமராவை ஜிப் பையில் மூடி, வெளிச் சூட்டுக்குப் பழகும்வரை அரை மணி நேரம் பொறுங்கள். எனக்கு ஒரு விடியலே இப்படிப் போயிருக்கிறது.

டார்வினுக்குக் கிழக்கே உள்ள காக்காடு தேசியப் பூங்காவில் பல பாதைகள் வெள்ளத்தில் மூடப்பட்டிருக்கும். ஆனால் மின்னலுக்கு இதுதான் பருவம். கூரைக்கு அடியில் முக்காலியை ஊன்றி, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்து, இருட்டியபின் பத்து இருபது விநாடி ஷட்டரைத் திறந்துவிடுங்கள். மின்னல் தானாக வந்து விழும். நீர்நிலைப் படமென்றால் கரையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். உவர்நீர் முதலை இருப்பது கண்ணுக்கே தெரியாது.

உலுருவில் வேறு கதை. 40 டிகிரி வெயில், முகத்தில் மொய்க்கும் ஈக்கள், செந்தூசி. வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். 348 மீட்டர் உயர உலுருப் பாறையின் சிவப்பு, அதிலுள்ள இரும்பு துருவேறியதால் வந்தது. அது பற்றியெரிவது விடியலிலும் அந்தியிலும்தான், நடுப்பகலில் தூங்கலாம். மழை பெய்தால் மட்டும் எழுந்து ஓடுங்கள், பாறையெங்கும் அருவிகள் இறங்கும்.

கடைசியாக ஒன்று: உலுருவின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் புனிதமாகக் கருதும் சில பகுதிகளைப் படமெடுக்கக் கூடாது. அறிவிப்புப் பலகை இருக்கும். அங்கே கேமராவை மூடிவிடுங்கள்.