கட்டு அவிழ்த்த கைக்குப் பயிற்சி

குளிர்காலம் வந்துவிட்டால், தில்லியில் பிசியோதெரபி செய்யும் என்னிடம் மணிக்கட்டு முறிந்தவர்கள் அதிகம் வருகிறார்கள். ஈரத் தரையில் கால் வழுக்கும்போது கையை ஊன்றி விழுகிறோம். உடல் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. 50 வயதைக் கடந்த பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தால் எலும்பு எளிதில் முறிந்துவிடும்.

மாவுக்கட்டு பெரும்பாலும் 5, 6 வாரம் இருக்கும். அதைப் பிரித்ததும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் கைக்குரியவருக்கு அன்றுதான் கவலை தொடங்குகிறது. கை மெலிந்து, விரல்கள் விறைத்திருக்கும். சாதம் பிசைய வராது, சாவி திருப்ப வராது. "நீங்க ஒண்ணும் செய்யாதீங்கம்மா" என்று மருமகள் பாசத்தோடு எல்லா வேலையையும் வாங்கிக்கொள்கிறாள். பாஷை தெரியாத ஊரில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்க்குச் சமையலறைதான் சொந்த இடம். கையோடு அதுவும் போய்விடக் கூடாது.

விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. அசையாமல் இருந்தால் தசை மெலியும். மூட்டும் நாண்களும் இறுகும். எனவே முதலில் அசைவு, பிறகு பலம். கட்டு அவிழ்த்த மறுநாளே ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வதில் பயனில்லை.

முதற்கட்டம்: அசைவு

கையைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 10 நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் 10 முறை, நாளுக்கு 3 வேளை செய்யலாம்.

1. விரல்களை நேராக நீட்டுங்கள். அடிமூட்டை மடக்காமல், வாளிப்பிடியில் மாட்டுவதுபோல் மற்ற இரண்டு மூட்டுகளை மட்டும் மடக்குங்கள். மீண்டும் நீட்டி, முழுதாக முஷ்டி பிடியுங்கள்.

2. ஜபம் எண்ணுவதுபோல் கட்டை விரலால் மற்ற நான்கு விரல்களின் 12 கணுக்களையும் தொடுங்கள். சுண்டுவிரலின் அடிக்கணு எட்டச் சில வாரம் ஆகலாம்.

3. முன்கையை மேஜைமேல் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே விட்டு, மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள்.

4. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, உள்ளங்கையை நிமிர்த்திக் கவிழுங்கள். கோயிலில் தீர்த்தம் வாங்க இந்த அசைவு வேண்டும். இது திரும்பச் சற்று நாளாகும்.

இரண்டாம் கட்டம்: பலம்

எலும்பு நன்கு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

1. வெந்நீரில் நனைத்த ஸ்பஞ்சைப் பிழியுங்கள். சில நாள் கழித்துச் சப்பாத்தி மாவு உருண்டையை அமுக்குங்கள்.

2. ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டி, விரல்களை விரியுங்கள். மடக்கும் தசைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது.

3. துணி மாட்டும் கிளிப்பைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் திறந்து மூடுங்கள்.

4. கடைசியாக, ஈரத் துண்டை முறுக்கிப் பிழியுங்கள்.

பயிற்சியின்போது லேசாக இழுத்துப் பிடிப்பது இயல்பு. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். எண்ணெய் தடவிப் பிறரை விட்டு வலுவாக உருவவோ இழுக்கவோ வேண்டாம். விரல்கள் மரத்துப்போனாலும், வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் கூடினாலும், கட்டை விரலை திடீரென்று நிமிர்த்த முடியாமல் போனாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்னிடம் வந்த மாமி ஒருவர், கையை முந்தானைக்குள் மறைத்தபடியே உட்கார்ந்திருப்பார். மகனிடம் நான் சொன்னது, தினம் ஒரு சிறு வேலையை அவருக்கே விட்டுவிடுங்கள் என்பதுதான். முதல் வாரம் பயறு பொறுக்கினார், பிறகு பூத்தொடுத்தார். மூன்றாம் மாதம் தன் புடவையைத் தானே பிழிந்து உலர்த்தினார்.

பிள்ளைகளே, மருமகள்களே! அம்மாவின் கையிலிருந்து எல்லா வேலையையும் பறித்துவிடாதீர்கள். அளவாகக் கொடுங்கள், நேரமானாலும் அவரே முடிக்கட்டும்.