கையடக்க ஸ்கேன் கருவி: பயனும் பொறுப்பும்

மருத்துவக் கருவி நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டுமாயின், அது சிறியதாகவும் மின்கலத்தால் இயங்குவதாகவும் இருத்தல் வேண்டும். பெங்களூருவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையத்தில் உருவான ‘மேக் 400’ என்னும் இ.சி.ஜி. கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கம்பியில்லாக் கையடக்க ஸ்கேன் கருவியை வடிவமைப்பது இதனினும் கடினம். இ.சி.ஜி. கருவி இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்கிறது. ஸ்கேன் கருவியோ மீயொலியைத் தானே எழுப்பி, உடலினுள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சென்று திரும்பும் எதிரொலிகளைப் படமாக்கிக் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். இதனால் வெப்பம் உண்டாகிறது. உடலைத் தொடும் முனையின் வெப்பநிலை 43 டிகிரி செல்சியசைத் தாண்டலாகாது என்பது சர்வதேசத் தரவிதி. எனவே படத்தின் தெளிவு, மின்கலத்தின் திறன், வெப்பம் ஆகிய மூன்றையும் சமன்செய்தல் அவசியமாகிறது.

நான்காவதாகச் சட்டமும் உண்டு. 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் இது 927 ஆகக் குறைந்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், எடுத்துச் செல்லத்தக்க கருவிகளுக்கு 2012இல் தனி விதி வகுக்கப்பட்டது. பதிவு பெற்ற இடத்தில் உள்நோயாளிகளுக்கோ, பிற சிகிச்சைகளும் அளிக்கும் நடமாடும் மருத்துவப் பிரிவிலோ மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம்.

கருவி சிறுத்தாலும் பொறுப்பு சிறுப்பதில்லை. ஒவ்வொரு பரிசோதனையையும் பதிவு செய்யும் வசதி கருவியிலேயே அமையுமாயின், ஊரகத் தாய்க்குச் சேவையும் பெண் சிசுவுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும்.