சுருளும் ஐம்பாலில் ஒன்று

கூந்தலுக்குத் தமிழில் உள்ள பெயர்களை எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்கள் போதா. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை, அளகம் என அவை நீண்டுகொண்டே போகின்றன. 'ஐம்பால்' என்றும் ஒரு பெயர் உண்டு. குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முச்சி என ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் அப்பெயர் வந்தது என்பர் உரையாசிரியர்கள். அந்த ஐந்தில் சுருளும் ஒன்று என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு 'அறல்' என்பதை உவமையாகக் கூறுவது வழக்கம். ஆற்றில் நீர் வடிந்தபின் கருமணலின் மீது வரிவரியாக, நெளிநெளியாகப் படிந்திருக்குமே, அதுதான் அறல். கோடு போட்டாற்போல் நேராகத் தொங்கும் முடிக்கு இந்த உவமை பொருந்தாது. கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்ற வாதம் பாண்டியன் அவை வரை சென்ற கதையையும் நாம் அறிவோம். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வந்த நாகேசை மறக்க முடியுமா? மணத்திற்கு நடந்த அந்த வழக்கு இன்று வடிவத்திற்கு நடக்கிறது. ஆனால் இம்முறை தீர்ப்பு, வாதத்திற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

நம் ஸ்கூடாய் வட்டாரத்தில் தொழிற்பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு நெருங்கும்போது கவனித்துப் பாருங்கள். விடுதியில் சுருட்டை முடி கொண்ட தோழியருக்கு எல்லாரும் கூறும் அறிவுரை ஒன்றே: "ரீபோண்டிங் பண்ணிக்கோ, அப்பத்தான் நீட்டா இருக்கும்." தேர்ச்சிப் புள்ளிகளைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இருப்பதில்லை. ஆரம்பப் பள்ளியில் "தலையில மீ கோரிங்கா?" என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். 'பரட்டை' என்ற சொல்லை நாம் வாராத தலைக்கு மட்டுமா சொல்கிறோம்? வாரினாலும் அடங்காத சுருட்டைக்கும் அதையேதான் சொல்கிறோம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? தோட்டத்து வாழ்க்கையில் நம் பாட்டிமார் தேங்காய் எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டு, அதன்மேல் துணி கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனார்கள். அங்கே சுருட்டை ஒரு குறையாகப் பேசப்பட்டதாக நான் கேட்டதில்லை. எண்ணெயும் பின்னலும் அதை மறைத்துவிட்டன என்றும் சொல்லலாம். 1990களில் ஜப்பானில் பரவிய வெப்ப நேராக்க முறை, ரீபோண்டிங் என்ற பெயரில் நம் பட்டணங்களுக்கும் வந்தது. ஷாம்பு விளம்பரங்களில் முடி கண்ணாடிபோல் வழுக்கி விழுந்தது. நேர்முடிதான் சுத்தம், சுருள்முடி சோம்பல் என்ற கணக்கு அப்படியே நம் மனத்தில் பதிந்துவிட்டது.

இந்தக் கணக்கின் கொடுமையை நம்மைவிட அதிகம் அனுபவித்தவர்கள் கறுப்பினப் பெண்கள். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தின்படி மனிதர்களை இனவாரியாகப் பிரித்தபோது, முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்க்கும் சோதனையும் நடந்தது. பென்சில் விழுந்தால் ஓர் இனம், நின்றால் வேறோர் இனம்! ஒரே குடும்பத்தினர்கூட வெவ்வேறு இனங்களாகப் பிரிக்கப்பட்டனர். அமெரிக்காவில் 1960களில் உரிமைப் போராட்டத்தோடு சேர்ந்து, முடியை இயல்பாக வளரவிடும் 'ஆஃப்ரோ' ஒரு கொடியாகவே உயர்ந்தது. 2016இல் பிரிட்டோரியாவின் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், இயல்பான முடியை அனுமதிக்காத விதியை எதிர்த்து மாணவிகளே திரண்டனர். முடியின் தன்மையைக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு செய்யக்கூடாது என்று 2019இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. நமக்கு அத்தகைய சட்டக் கொடுமை நேரவில்லை. ஆயினும் அவர்கள் முகம் பார்த்த அதே கண்ணாடியில்தான் நாமும் முகம் பார்க்கிறோம்.

இனி அறிவியலுக்கு வருவோம். முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தை இரண்டு வகைப் பிணைப்புகள் காக்கின்றன. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இது பலவீனமானது; ஈரம் பட்டாலே விட்டுவிடும். அதனால்தான் காலையில் சூட்டுக்கருவியால் நேராக்கிய முடி, ஜொகூரின் புழுக்கத்தில் விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு நடப்பதற்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மற்றொன்று கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு. இது வலிமையானது. ரீபோண்டிங் செய்யும்போது தயோகிளைகோலேட் போன்ற இரசாயனம் இதைத்தான் உடைக்கிறது. பிறகு சூட்டில் முடியை நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு புதிய நிலையில் பிணைக்கிறார்கள். ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பைக்கு இது எதுவும் தெரியாது. அது வளைந்தே இருக்கும். அதிலிருந்து சுருளே முளைக்கும்.

'கெராட்டின் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பது வேறு. அவற்றில் சில, சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. கண் எரிவது அதனால்தான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அதை வகைப்படுத்தியது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று அச்சிடப்பட்ட ஒரு பொருளிலேயே அது இருந்ததைக் கண்டு, 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்தது. நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவோர் 1.64 விழுக்காடு என்றும், ஆண்டுக்கு 4 தடவைக்கு மேல் பயன்படுத்துவோரில் 4.05 விழுக்காடு என்றும் அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்பவர் இதைப் படித்துவிட்டு அஞ்சி நடுங்க வேண்டியதும் இல்லை.

சரி, மீண்டும் சுருளுக்குத் திரும்ப விரும்புபவர் என்ன செய்வது? பொறுமைதான் முதல் தேவை. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1.25 செண்டிமீட்டர், ஆண்டுக்கு 15 செண்டிமீட்டர் வளரும். இடுப்பளவு கூந்தல் முழுதும் மாற ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகலாம். இடைக்காலத்தில் மேலே சுருளும் கீழே நேர்முடியுமாக இரட்டை வேடம். இரண்டும் சந்திக்கும் இடம்தான் மிகவும் பலவீனமானது. வேகமாகச் சீவினால் அங்கேதான் அறுபடும்.

எனக்கு மூத்த மாணவி ஒருவர் இரண்டாம் ஆண்டில் ரீபோண்டிங் செய்து, மூன்றாம் ஆண்டில் கைப்பிடி கைப்பிடியாக முடி உடைந்த பிறகு, ஒரேயடியாகக் காதளவுக்கு வெட்டிக்கொண்டார். விடுமுறைக்கு வீடு சென்றவரை அவர் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "கல்யாணம் ஆகுற வயசுல இப்படியாடி வெட்டிக்கிட்டு வருவே?" என்று கேட்டு, இரண்டு நாள் பேசவில்லையாம். நம் வீடுகளில் பெண் முடி இழப்பதென்றால் ஒன்று நேர்த்திக்கடன், இல்லையேல் துக்கம். மூன்றாவது காரணத்துக்கு இடமே இல்லை. ஆகவே வெட்டத் துணிவில்லாதவர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை நுனியை மட்டும் கத்தரித்துவரலாம். அதில் ஒன்றும் கோழைத்தனம் இல்லை.

சுருள்முடி இயல்பாகவே வறண்டது. தலையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. பாட்டியின் தேங்காய் எண்ணெய்க்கு இங்கே வேலை இருக்கிறது. அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று ரேலே, மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர். குளிப்பதற்கு முன் தடவுவது நல்லது. உலர்ந்த சுருளைச் சீவாதீர்கள். ஈரத்தில், அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். கரடுமுரடான துவாலையால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். பேன் சீப்பை, பேன் இருந்தால் மட்டும் எடுங்கள்!

அந்த மூத்த மாணவி இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். நேர்முகத் தேர்வுக்கு அந்தக் குட்டைச் சுருளோடுதான் போனார். தலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெப்பப் பரிமாற்றிகளைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்டார்களாம். முடி இப்போது தோளைத் தாண்டிவிட்டது. வேலை நேரத்தில் பாதுகாப்புத் தொப்பிக்காகக் கழுத்தருகே தாழ்த்திக் கொண்டை போட்டுக்கொள்கிறார். வீட்டுக்கு வரும் நாள்களில் அவர் அம்மாதான் அந்தக் கொண்டையைப் பிரித்து எண்ணெய் வைத்துவிடுகிறாராம்.