சான்றிதழின் காரண வரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பயிற்சியின் நடுவே ராணுவத்திலிருந்து வெளியே வந்தவன், அந்தப் பதிவை மேல்முறையீட்டில் மாற்றிக்கொண்டு மறுபடி சேர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த வரியிலேயே, "என் ஆர்.இ. கோடு மூன்றா, நான்கா? டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டுக்கு 15 வருடம் அவகாசம் உண்டாமே?" என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் நீ பார்க்கிற வீடியோக்கள் அமெரிக்கப் படைக்காரர்களுக்காக எடுக்கப்பட்டவை. அங்கே வெளியேறுகிறவனுக்கு டிடி 214 என்றொரு தாள் தருவார்கள். மறுபடி சேரத் தகுதி உண்டா என்பதை அதில் அவனுக்கு இட்ட ஆர்.இ. குறியீடு சொல்லும். வெளியேற்றத்தை எதிர்த்து முறையிட வாரியம் உண்டு, 15 ஆண்டு அவகாசமும் உண்டு. நீ பயிற்சி பெற்றது இந்தியாவில், வெலிங்டனில். இங்கே அந்தக் குறியீடும் கிடையாது, அந்த வாரியமும் கிடையாது. வேறொரு நாட்டுச் சட்டத்தை நம்பி நம் பையன்கள் நாளைக் கடத்துவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்.சி.சி.யில் படித்ததையெல்லாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. நேராக 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்கு வருகிறேன். அதிகாரிகள் அல்லாத படைவீரர் யார் வெளியேறினாலும், கமாண்டிங் ஆபீசர் அவருக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும். பணியை முடித்துவைத்த அதிகாரி யார், எந்தக் காரணத்துக்காக, மொத்தப் பணிக்காலம் எவ்வளவு என்ற மூன்று விவரங்கள் அதில் இருக்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் தந்தால் மட்டும் போதாது, வீரனின் தாய்மொழியிலும் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கியவன் ஒருவனையும் காணோம். சான்றிதழை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊரில் கேட்பவர்களிடம் "மெடிக்கல்ல அனுப்பிட்டாங்க" என்பான். எடுத்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். காரணத்தைத் தமிழில் படித்திருந்தால் நம் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் வக்கீல் வீட்டுப் படியே ஏறியிருக்க மாட்டார்கள், மீதிப் பேர் காலத்தோடு ஏறியிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் ஏன் அவ்வளவு முக்கியம்? உன் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளை நினைத்துப் பார். பீஸில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. நூல் விட்டிருந்தால் ஆல்டருக்குப் போகும், ஓட்டை என்றால் ரிஜெக்ட். டிஸ்சார்ஜும் அப்படித்தான். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 13ஆம் விதியின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது. மெடிக்கல் போர்டு தகுதியில்லை என்று சொல்லி அனுப்புவது ஒரு வகை. தானே கேட்டுக்கொண்டு வெளியேறுவது இன்னொன்று. உறுதிமொழி எடுக்காத ரெக்ரூட்டைத் திறமையான வீரனாக வர வாய்ப்பில்லை என்று அனுப்புவது வேறு. இவற்றில் எதிலும் சேராதவற்றுக்குத் தனி இடம் உண்டு, பணிப் பதிவில் சிவப்பு மையில் தண்டனை ஏறிய ரெட் இங்க் என்ட்ரிக்காரர்கள் பெரும்பாலும் அதன் கீழேதான் வருவார்கள். டிஸ்மிஸ் என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை. அது தண்டனை, அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, டிஸ்சார்ஜ் ஆனவனை ஊரே குற்றவாளி மாதிரி பார்ப்பது அநியாயம்.

இனி நீ சரியாகப் புரிந்துகொள்ளாத இடத்துக்கு வருகிறேன். "மறுபடி சேர அனுமதி கொடுங்கள்" என்று கேட்டு இந்தியாவில் மேல்முறையீடு செய்ய முடியாது. "என்னை அனுப்பிய உத்தரவு சட்டப்படி செல்லாது" என்றுதான் கேட்க முடியும். உத்தரவு ரத்தானால் நீ படையை விட்டுப் போகவே இல்லை என்று ஆகும், புதிதாகச் சேர வேண்டிய அவசியமே இருக்காது. ரத்தாகவில்லையா, பதிவு பதிவாகவே நிற்கும்.

இதற்குப் படைவீரர் வீரேந்திர குமார் துபேயின் வழக்கை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நான்கு ரெட் இங்க் என்ட்ரி சேர்ந்துவிட்டது என்று அவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எண்ணிக்கை நான்கைத் தொட்டது என்பதற்காக மட்டும் இயந்திரம் மாதிரி ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. 1988 டிசம்பர் 28ஆம் தேதி ராணுவத் தலைமையகம் தானே போட்ட நடைமுறைப்படி முதலில் ஒரு விசாரணை நடக்க வேண்டும், அவருடைய பணிக்காலம், வேலை பார்த்த இடத்தின் கடுமை எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்றது. உத்தரவு ரத்தானது. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அவருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பென்ஷனுக்குத் தேவையான காலம் முடியும்வரை பணியில் இருந்ததாகக் கருத வேண்டும், இடைப்பட்ட காலத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதே தீர்ப்பு. ஜெயித்தும் அவர் சீருடை போட்டுக்கொண்டு படைக்குத் திரும்பவில்லை. வெற்றி காகிதத்தில் வந்தது, பென்ஷனாக வந்தது. அவருக்கு அது பெரிய விஷயம். இருபது வயதில் நீ கேட்பது பென்ஷன் அல்லவே!

பதிவைத் திருத்துவது ஒன்று, படைக்குத் திரும்புவது வேறொன்று என்பதை எனக்குப் புரியவைத்தது ஒருகாலத்தில் வெறிபிடித்துப் படித்த இந்திய தேசிய ராணுவ வரலாறு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அந்த வீரர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். வெள்ளை பழைய ரெஜிமெண்டுக்குப் போகலாம், சாம்பல் டிஸ்சார்ஜ், கறுப்பு டிஸ்மிஸ். செங்கோட்டை வழக்கில் அந்த ராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், தில்லான் மூவருக்கும் விதித்த ஆயுள் தண்டனை 1946 ஜனவரியில் நீக்கப்பட்டது. பணிநீக்கம் மட்டும் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டே சுதந்திரம் வந்தது. நாடே அவர்களைக் கொண்டாடியது. ஆனாலும் புதிய அரசாங்கம் அவர்களை ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரேம் சாகல் கான்பூரில் துணி ஆலை வேலைக்குப் போனார். ஊர் மரியாதை முழுதாகத் திரும்பி வந்த பிறகும் பட்டாளத்துக் கதவு திறக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், சான்றிதழில் "சொந்த வேண்டுகோளின் பேரில்" என்று இருப்பதாக. தம்பி, முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது அது! அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டாய், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உத்தரவு அமலுக்கு வருவதற்கு முன்னால் விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டு எழுதியிருந்தாலோ, மிரட்டிக் கையெழுத்து வாங்கியதற்கு ஆதாரம் இருந்தாலோ உனக்கு வழக்கு உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் இல்லை. நீ கேட்டதையே கொடுத்த உத்தரவை எதிர்த்து நீயே எப்படிப் போவாய்? உன்னிடம் பணம் வாங்கிக்கொண்டு வேறுவிதமாகச் சொல்கிறவன் உன்னை ஏமாற்றுகிறான்.

புரோக்கர் ஒருவர், "பழசைச் சொல்லாம அடுத்த முகாமுக்குப் போய் நில்லு" என்றாராம். அந்த ஆளிடம் இனிப் பேசாதே. சேரும்போது முன்பணி பற்றிப் படிவத்தில் கேள்வி இருக்கிறது. வேண்டுமென்றே பொய்ப் பதில் எழுதிச் சேர்ந்தால் 44ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை. இன்றைக்கு உன் பெயரில் எந்தக் கறையும் இல்லை. அந்தக் கறையை ஒரு பொய்யால் வாங்கிக்கொள்ளாதே.

வழக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முதலில் உன் கோப்பு வேண்டும். உன்னோடு வேலை பார்க்கிற, "இனெஃபிஷியன்ட்" என்று அனுப்பப்பட்ட நண்பனிடமும் இதைச் சொல். வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், பதிலுக்கு 30 நாள். பென்ஷன் இல்லாதவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள் என்பதால், வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கோப்பில் குறை தெரிந்தால் முதலில் படைக்குள்ளேயே மேலதிகாரிக்கு முறையீடு. அதில் முடிவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். முறையிட்டு ஆறு மாதமாகியும் பதிலே இல்லாவிட்டாலும் அங்கே போகலாம். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆனால் உன் வயது மன்னிக்காது. படைவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை 2022இல் அறிவித்தபோது சேரும் வயது பதினேழரையிலிருந்து 21 வரைதான். அந்த முதல் ஆண்டுக்கு மட்டும் 23 ஆக்கினார்கள்.

அதனால் உனக்கு நான் சொல்வது வேறு வழி. கோயமுத்தூரில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 110ஆவது டெரிட்டோரியல் ஆர்மி பட்டாலியன் இருக்கிறது. 42 வயதுவரை ஆளெடுக்கிறார்கள். வேறு வேலை பார்க்கிறவர்களுக்காகவே ஏற்பட்ட படை அது, உன் பனியன் கம்பெனி வேலை அங்கே தடையாகாது. அறிவிப்பு வந்ததும் முன்பு டிஸ்சார்ஜ் ஆனவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படி, ஓட்டப் பயிற்சியெல்லாம் அப்புறம். படிவத்தில் வெலிங்டன் மாதங்களை உள்ளது உள்ளபடி எழுது.

இந்த வாரமே மனுவை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடு. சான்றிதழின் தமிழ்ப் பிரதியையும் 23ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கேள். பதில் வந்ததும் நண்பனையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்