ஆயில் பிரஷர் கேஜ்: முள் சொல்வதை நம்பலாமா?

ப்ராஜெக்ட்டுக்காகப் பழைய கார் ஒன்றைக் கையில் எடுத்திருக்கீங்களா? டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் நடுவில் நின்றால் நிம்மதியா இருக்கும். ஆனா அந்த முள் பொய் சொன்னால், பேரிங் தேய்ந்து எஞ்சின் சீஸ் ஆன பிறகுதான் நமக்குத் தெரியும்.

முதலில் இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சென்டருக்குள் ஒரு டயஃப்ரம் இருக்கிறது. ஆயில் அதைத் தள்ளும்போது சென்டரின் மின்தடை மாறும். அதாவது, கேஜுக்குத் தெரிவது அழுத்தம் இல்லை, ஓம் மட்டும்தான். வி.டி.ஓ வகை சென்டரில் 0 பாரில் சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 184 ஓம். 5 பார் கேஜ் என்றால், ஒரு பாருக்கு ஏறக்குறைய 35 ஓம்.

இங்கேதான் சிக்கல். ஒற்றை ஒயர் சென்டருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாக. மரையில் துரு, பெயின்ட், டெஃப்லான் டேப் இருந்தால் தடை கூடலாம். 20 ஓம் கூடினாலே கேஜ் சுமார் 0.6 பார் அதிகமாகக் காட்டும். ஐடிலிங்கில் உண்மை அழுத்தம் 0.5 பார், முள் காட்டுவது 1.1 பார்! அமெரிக்க 240–33 ஓம் வகையில் இது தலைகீழ்: தடை கூடினால் முள் இறங்கும். அதனால் கேஜும் சென்டரும் ஒரே வகைதானா என்று முதலில் பாருங்க.

இனி சோதனை:

1. எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு சென்டரைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டுங்க. மரை அளவு பொருந்தணும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலிங்கிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்க.

2. சென்டரைத் திரும்ப மாட்டி, எஞ்சின் ஓடும்போது சென்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட்டேஜ் பாருங்க. பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். இல்லையென்றால் மரையைச் சுத்தம் செய்து, எஞ்சின் எர்த் ஒயரையும் பாருங்க.

3. எஞ்சினை அணைத்து சென்டர் ஒயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டர் வையுங்க. சாவியை ஆன் செய்தால், 10 ஓமுக்கு முள் 0-லும், 82 ஓமுக்கு 2 பாரை ஒட்டியும், 180 ஓமுக்கு உச்சியை ஒட்டியும் நிற்கணும். நின்றால் கேஜ் நல்லது.

எர்த்தும் கேஜும் சரி, ஆனாலும் மெக்கானிக்கல் கேஜோடு ஒத்துப்போகலையா? சென்டரை மாற்றுங்க. முள்ளைக் கழற்றித் திருப்பி வைப்பது தீர்வு இல்லை. ஒரு இடத்தில் சரியாகும், மற்ற இடங்களில் தப்பும்.

மெக்கானிக்கல் கேஜும் சர்வீஸ் மேனுவல் சொல்வதைவிடக் குறைவாகக் காட்டினால், உடனே எஞ்சினை அணைச்சிடுங்க. அப்போ குறை கேஜில் இல்லை. ஆயில் அளவு, பம்ப், பேரிங் என்று வரிசையாகப் பார்க்கணும்.